அமுக்கரா முதல் தோங்காட் அலி வரை: மூலிகையும் ‘ஸ்ட்ரெஸ்’ ஹார்மோனும்

வாசகர் கேள்வி – பதில்

மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலைக் குறைக்கும் மூலிகை என்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் தோட்டப்புறத்தையும் விட்டுவைக்கவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் இந்த ஒரே விஷயத்தைத் தொட்டவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பதில்களை மருந்தாளுநர் ஒருவரும் சித்த மருத்துவர் ஒருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: வணக்கம். கையுறைத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை. அஸ்வகந்தா மாத்திரை போட்டால் கார்ட்டிசோல் இறங்கிவிடும் என்கிறாள் தோழி. எவ்வளவு போடலாம், எப்போது போடலாம்? – வாசகி, லிந்தாங்

பதில்: மாத்திரைக்கு வருவோம் அம்மா. அதற்கு முன்னால் கார்ட்டிசோல் எந்த நேரத்தில் ஏறி எந்த நேரத்தில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது போய்ச் சேர்ந்ததும், இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோலைச் சுரக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் அந்தக் கார்ட்டிசோலே மேலே இருக்கும் இரண்டையும் அடக்கிவிடும். நடுராத்திரிக்குப் பக்கத்தில் இது மிகக் குறைவு. பின்னிரவில் ஏறத் தொடங்கி, கண் விழித்து 30 முதல் 45 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுக்க மெல்ல இறங்கும்.

காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து, எட்டரைக்கு நீங்கள் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அட்ரினலுக்கு அது எழுந்து ஓட வேண்டிய நேரம். போதாததற்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் வெயில் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். இரவு வேலைக்குப் பழகி முடிப்பதற்குள் உங்களைப் பகலுக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் என்று எந்த மூலிகைக்கும் இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

அதனால் முதலில் செய்ய வேண்டியவை வேறு. பஸ் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; வீடு வந்து படுக்கும்வரை கழற்றாதீர்கள். கோப்பி, தே, கோலா எதுவானாலும் அதிகாலை இரண்டு மணியோடு நிறுத்துங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த காஃபின்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்னும் என்று ஆய்வில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டை ஷிஃப்ட்டுக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவில் லேசாக ஏதாவது போதும்; மூன்று மணிக்கு நாசி லெமாக் வேண்டாம். துத்தநாகக் கூரை வீடு என்றால் பத்து மணிக்கெல்லாம் அறை கொதிக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, உள்ளே கனமான கறுப்புத் திரை போட்டால் வெளிச்சமும் சூடும் சேர்ந்தே குறையும். இரவு ஷிஃப்ட்டின் முதல் நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். விடுமுறை நாளில் அடியோடு பகல் மனிதராக மாறிவிடாமல், வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் ஒரு நான்கு மணி நேரத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இரண்டு சுற்று ஷிஃப்ட் செய்து பார்த்த பிறகும் படபடப்பு இருந்தால் அஸ்வகந்தாவைப் பற்றிப் பேசலாம். அஸ்வகந்தா என்று விற்பது நம் அமுக்கராதான். இந்தியாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு வேரின் செறிவூட்டிய சாறு 300 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, 60 நாள். அவர்களுக்கு ரத்தக் கார்ட்டிசோல் சுமார் 28 விழுக்காடு இறங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 8 விழுக்காடு. நல்ல எண்தான். ஆனால் சிறிய ஆய்வு. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கென்று செய்ததும் இல்லை. போடுவதாக இருந்தால் அதே அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு வாரம் போதும். சிலருக்குத் தூக்கக் கலக்கம் வரும். ஆகவே இரண்டாவது வேளையைப் படுப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தில் வேண்டாம். தைராய்டு மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 58. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மினும் கிளிக்ளசைடும் சாப்பிடுகிறேன். மாத்திரையை நம்புவதைவிட அமுக்கரா சூரணத்தை வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். முறை சொல்லுங்கள். – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முறை சொல்வதற்கு முன் அளவைப் பாருங்கள் ஐயா. வழக்கில் உள்ள பாடத்தில் ஒவ்வொரு சரக்கும் முந்தையதைப்போல் இரட்டிப்பு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, கடைசியாகச் சர்க்கரை 128. கூட்டிப் பார்த்தால் சூரணத்தில் பாதி சர்க்கரை. கால் பங்குதான் அமுக்கரா. ஒரு தேக்கரண்டி, சுமார் 4 கிராம், வாயில் போட்டால் 2 கிராம் சீனியும் 1 கிராம் அமுக்கராவும் உள்ளே போகும். உங்களுக்கு இந்தப் பாடம் தோதில்லை. கடையில் வாங்கும் சூரணமும் பெரும்பாலும் இப்படித்தான். லேபிளில் சர்க்கரை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனி அமுக்கரா வேர்த்தூளாக வைத்துக்கொள்ளலாம். தூளாக வாங்காமல் வேராக வாங்குங்கள். சுண்டுவிரல் கனம், வெளியே வெளிர் மண்ணிறம், ஒடித்தால் ‘டப்’பென்று ஒடிந்து உள்ளே மாவு வெள்ளையாக இருக்க வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. குண்டூசித் துளைகள் தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது. கழுவி, காயவைத்து, இடித்து, துணியில் சலித்துக்கொள்ளுங்கள். மருந்துக்குப் பக்குவமாகச் சுத்தம் செய்ய, ஒரு பானையில் பாலும் தண்ணீரும் சம அளவு பாதிக்கு ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் தூளை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே சட்டி கவிழ்த்து, பால் நன்றாக வற்றும்வரை சிறு தீயில் அவியுங்கள். பிட்டு அவிப்பதுதான், வேறொன்றுமில்லை. பால் பொங்கித் துணியைத் தொட்டால் தூள் களியாகிவிடும், தீயைக் கூட்டாதீர்கள்.

இங்கே தவறு நடப்பது அதற்குப் பிறகுதான். பாலாவி ஏறிய தூளை நம் ஊர் மழைக்காலத்தில் வெயிலை நம்பிக் காயவைத்தால் மூன்றாம் நாள் பூசணம். ஓவனில் 50, 60 டிகிரியில் கதவைச் சற்றே திறந்துவைத்து, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும்வரை காயவையுங்கள். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் செய்ய வேண்டாம். கண்ணாடிப் புட்டியில் போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஊறல் நாற்றமோ சிக்குப் பால் வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்திய ஆயுர்வேத மருந்து நூல் வேர்த்தூளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்கிறது. நீங்கள் 1 கிராமில் தொடங்குங்கள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பின், அரை டம்ளர் பாலும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சீனி இல்லாமல். தூளை முதலில் ஒரு கரண்டி குளிர்ந்த பாலில் குழைத்துவிட்டு ஊற்றினால் கட்டி தட்டாது. வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டலும் பேதியும் வரலாம்.

இரண்டு எச்சரிக்கை. அமுக்கரா ரத்தச் சீனியை இறக்கக்கூடும், கிளிக்ளசைடும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். ஆகவே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது கல்லீரல். அஸ்வகந்தா சாப்பிட்ட ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தார்கள். தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் வந்தது. நிறுத்தியபின் சில மாதங்களில் தேறினார்கள். அபூர்வம்தான். ஆனாலும் உடம்பு அரித்தால், சிறுநீர் தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) நிறத்துக்கு மாறினால், கண் மஞ்சளித்தால் அன்றே நிறுத்திவிட்டு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். தைராய்டு ஹார்மோனையும் இது உயர்த்தும். தைராய்டு ஏற்கெனவே மிகையாகச் சுரப்பவர்களுக்கு ஆகாது. இலை கலந்த தூளை ஒதுக்குங்கள்: இந்திய ஆயுஷ் அமைச்சு 2021இல் உற்பத்தியாளர்களிடம் இலையைத் தவிர்க்கச் சொன்னது. வேர்த்தூளில் பச்சை வாடையும் பச்சை நிறமும் இருக்காது.

கேள்வி: எப்போதும் அசதி. ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து, காலை 11 மணிக்குக் கார்ட்டிசோல் 210 என்று காட்டி, “அட்ரினல் களைத்துப்போய்விட்டது” என்று சொல்லி 380 ரிங்கிட்டுக்கு மூலிகை செட் ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கிவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை. – வாசகி, ஜாலோங்

பதில்: பிரிக்காமலே வையுங்கள், முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். கார்ட்டிசோல் பரிசோதனையை நேரம் சொல்லாமல் படிக்க முடியாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்தால் பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறக்குறைய 140 முதல் 690 நானோமோல் வரை இயல்பு. பதினொரு மணிக்குள் அது தானாகவே இறங்கியிருக்கும். 210ஐ வைத்துக்கொண்டு யாரும் எந்த நோயும் சொல்ல முடியாது.

‘அட்ரினல் களைப்பு’ என்ற நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. பிரேசிலைச் சேர்ந்த இருவர் 58 ஆய்வுகளை அலசி, அப்படி ஒன்று இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2016இல் எழுதினார்கள். அட்ரினல் உண்மையாகவே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு: எடை கரையும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பின்மேல் ஆசை வரும். அதில் காலை எட்டு மணிக் கார்ட்டிசோல் பெரும்பாலும் 100க்குக் கீழே இருக்கும். உறுதி செய்ய சினாக்தென் என்ற ஊசி போட்டு, அரை மணி கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா? அதிலுள்ள ஈஸ்ட்ரோஜென் மொத்தக் கார்ட்டிசோல் எண்ணை ஏற்றிக் காட்டும். முடிக்கும் நகத்துக்கும் போடும் பயோட்டின் மாத்திரையும் சில இயந்திரங்களைக் குழப்பும். ரத்தம் எடுப்பவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்க கிளினிக்கில் உட்கார்ந்து இரத்தச்சோகை, தைராய்டு, இனிப்பு நீர் மூன்றையும் பார்ப்பது. நம் பெண்களின் அசதிக்குப் பல நேரம் காரணம் ஹீமோகுளோபின் குறைவுதான். குறட்டை பெரிதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வறட்டு இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை. இருமல் நின்றது. ஆனால் 140ல் இருந்த பிரஷர் 170க்குப் போய்விட்டது, கெண்டைக்கால் இழுக்கிறது. அம்லோடிபினும் ஹைட்ரோகுளோரோதயசைடும் தவறாமல் சாப்பிடுகிறேன். அதிமதுரம் அட்ரினலுக்கு நல்லது என்றல்லவா சொன்னார்கள்? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இன்றே நிறுத்துங்கள் ஐயா. இந்தப் பக்கத்தில் வரும் மூலிகைகளில் கார்ட்டிசோல் விஷயத்தில் கை வைப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று அதிமதுரம். கை வைக்கும் இடம்தான் தப்பு. சிறுநீரகத்தில் ஒரு நொதி இருக்கிறது. கார்ட்டிசோலைக் கார்ட்டிசோனாக மாற்றிச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. அதிமதுரத்தின் இனிப்பான கிளிசரைசின் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அப்போது கார்ட்டிசோல் சிறுநீரகத்தில் அல்டோஸ்டெரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்கும்: உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். பிரஷர் ஏறியதும் கால் இழுத்ததும் அதனால்தான். உங்கள் தயசைடு மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது. இரண்டு பக்கமும் ஓட்டை.

கிளிசரைசின் நாளொன்றுக்கு 100 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய நிபுணர் குழுவின் பரிந்துரை. வேரில் 4 விழுக்காடு இருக்கிறது என்று வைத்தாலும் இரண்டரை கிராம் வேரிலேயே அந்த அளவு வந்துவிடும். நீங்கள் ஒரு வேளைக்குப் போடும் ஒரு துண்டு அதற்கு மேல் இருக்கும். ரத்தப் பொட்டாசியத்தை இந்த வாரமே பாருங்கள், 3.5 மில்லிமோலுக்குக் கீழே என்றால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. நெஞ்சுப் படபடப்போ, கால் தூக்க முடியாத பலவீனமோ வந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிறுத்தியதும் மறுநாளே பிரஷர் இறங்காது. நொதி சரியாக ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். அதுவரை மருந்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். சீன மருந்துக் கடை மூலிகைத் தேநீர், இருமல் மிட்டாய், சில வகை ஆசாம் பொய் (உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பழம்) இவற்றிலும் அதிமதுரம் இருக்கும். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அலுப்புத் தெரியாமல் இருக்க ஒட்டுக்கடையில் தோங்காட் அலி கோப்பி பாக்கெட் வாங்கிக் குடிக்கிறார். குடித்தால் முகம் சிவந்து தலை வலிக்கிறது என்கிறார். இதய அடைப்புக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் கையில் வைத்திருக்கிறார். – வாசகி, லிந்தாங்

பதில்: அந்தக் கோப்பியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முகம் சிவப்பதும் தலைவலியும் தோங்காட் அலி என்ற மலாய் மூலிகை வேரின் குணமில்லை. சில்டெனாஃபில், தடலாஃபில் போன்ற ஆண்மை மாத்திரைச் சரக்கைச் சொல்லாமல் கலந்த கோப்பி பாக்கெட்டுகளை மலேசிய அதிகாரிகள் பல முறை பிடித்திருக்கிறார்கள். அதோடு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரை சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், தடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் ஜி.டி.என். கூடாது. பாக்கெட்டில் என்ன இருந்தது என்று தெரியாதவரை நீண்ட கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நெஞ்சு வலித்தால் 999ஐ அழைத்து, “கலப்படக் கோப்பி குடித்திருக்கிறார்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அசல் வேர் கடும் கசப்பு. கோப்பி தித்திப்பாக இருந்து, அரை மணியில் உடம்பு முறுக்கேறினால் அது வேரின் வேலையாக இருக்க முடியாது. தரமான நீர்ச்சாற்றில் அந்த வேரின் முக்கியச் சரக்கான யூரிகோமனோன் 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது 2011இல் வந்த மலேசியத் தரநிலை. 63 பேருக்குத் தினம் 200 மி.கி. வீதம் நான்கு வாரம் கொடுத்த ஆய்வில் எச்சில் கார்ட்டிசோல் 16 விழுக்காடு இறங்கியது உண்மைதான். ஆனால் 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மரபணுவுக்குச் சேதம் வரக்கூடும் என்ற கவலையால், இதைப் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்பு, சிவப்புத் தோங்காட் அலி என்று விற்பவை வேறு செடிகள். இதய நோயாளிக்கு இவை எதுவும் தேவையில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. முட்டி வலிக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘வேர் மருந்து’ என்று கொடுத்த கேப்சூலை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். முதல் நாளே வலி போனது. இப்போது முகம் வீங்கி வட்டமாக இருக்கிறது, தட்டினாலே தோல் கன்றுகிறது, புதிதாக இனிப்பு நீர் என்கிறார்கள். கேப்சூலை எடுத்து ஒளித்துவைத்துவிடலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒளித்துவைக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை நீளமாக்கியிருக்கிறோம்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அத்தனையும் மறைத்துக் கலந்த ஸ்டீராய்டைக் காட்டுகின்றன. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இரண்டும் மூட்டுவலிப் ‘பாரம்பரிய’ மருந்துகளில் அடிக்கடி அகப்படுபவை. இரண்டுமே கார்ட்டிசோலின் வேலையைச் செய்யும் செயற்கைச் சரக்கு. பல மடங்கு வீரியம். 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு (மருந்தாக வரும் கார்ட்டிசோலுக்கு) சமம், ஓர் ஆளின் உடல் ஒரு நாள் முழுக்கச் சுரப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். எட்டு மாதமாக வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டிருந்தால் மூளை ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிப்போகும். இதற்கு மூன்று, நான்கு வாரமே போதும். இந்த நிலையில் கேப்சூலைச் சட்டென்று பிடுங்கினால் உடம்பில் கார்ட்டிசோலே இருக்காது. வாந்தி, வயிற்று வலி, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி, பிரஷரும் சீனியும் இறங்குதல், கடைசியில் மயக்கம். காய்ச்சலோ விபத்தோ அறுவைச் சிகிச்சையோ சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும்.

நாளைக்கே அப்பாவையும் மிச்சமிருக்கும் கேப்சூலையும் பாக்கெட்டோடு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். “எட்டு மாதம், நாளுக்கு இத்தனை, கடைசியாக இன்ன நேரம்” என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் காலைக் கார்ட்டிசோல் பார்ப்பார்கள். ஒரு சிக்கல்: பிரெட்னிசோலோன் பல பரிசோதனைகளில் கார்ட்டிசோல் மாதிரியே பதிவாகி எண்ணை உயர்த்திக் காட்டும், டெக்ஸாமெத்தசோன் பதிவே ஆகாது. ஆகவே கேப்சூல் விவரம் சொல்லாமல் ரத்தம் மட்டும் கொடுத்தால் எண் ஏமாற்றிவிடும். பிறகு அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுத்துச் சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். அட்ரினல் பழையபடி சுரக்க மாதக்கணக்காகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்று ஒரு சீட்டு எப்போதும் அவர் பணப்பையில் இருக்கட்டும். குறைக்கும்போது முட்டி வலி திரும்பி வரும். அப்பா பழைய ஆளிடம் திரும்பிப் போவது அப்போதுதான். வலிக்கு வேறு மருந்தை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: மருந்தாக விற்கும் எந்த மூலிகைக் கேப்சூலுக்கும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஃபார்மாடேக் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் முடிவில் டி (T) எழுத்து வரும். எண் இருப்பது மட்டும் போதாது. வேறொரு மருந்தின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்கள் உண்டு. மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் குவெஸ்ட் 3 பிளஸ் தேடலில் எண்ணைப் போட்டு, வரும் பெயரும் பாக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பையில் எண்ணிப் போட்டுக் கொடுக்கும் கேப்சூலில் பார்க்க எதுவுமே இல்லை. பத்து வருட முட்டி வலி ஒரே நாளில் பறந்து, கூடவே பசியும் பெருகினால் மூலிகை என்று மகிழாமல் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மகள் ஐந்து மாதக் கர்ப்பம், பயந்து பயந்து தூங்காமல் கிடக்கிறாள். அமுக்கரா லேகியம் கொடுக்கலாமா? – வாசகி, ஜாலோங்

பதில்: வேண்டாம் அம்மா. கர்ப்ப காலத்தில் அமுக்கரா, தோங்காட் அலி, அதிமதுரம் மூன்றும் கூடாது. பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்ப்பதே நல்லது. அடுத்த தாய்–சேய் கிளினிக் தேதியில் தூக்கமின்மையையும் பயத்தையும் தாதியிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் அதற்குக் கேள்வித்தாள் வைத்து விசாரிப்பார்கள்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறேன். காலை நாலரைக்கு எழுந்திரிக்க வேண்டும். வாசலில் துளசி இருக்கிறது. அதைக் குடித்தால் போதுமா, காசு கொடுத்து வேறு எதுவும் வாங்க வேண்டுமா? – வாசகர், லிந்தாங்

பதில்: வாங்க வேண்டாம். ஐந்தாறு இலையைக் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துக் குடியுங்கள். வார்ஃபரின் போடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். துளசிச் சாறு மன அழுத்தத்தைத் தணிக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. உங்கள் வாசல் இலையில் அந்த அளவு சரக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது, கெடுதலும் இல்லை.

விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே எழும் நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. படுக்கும் நேரத்தை மாற்றலாம். பதினொன்று வரை கைப்பேசி பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான். ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். மத்தியானம் தூங்குவதாக இருந்தால் அரை மணியோடு எழுந்துவிடுங்கள். கடைசிக் கோப்பி மூன்று மணிக்கு முன் முடியட்டும்.